பதுக்கையில் இட்ட தழை

மேற்கு மலைக்குப் பின்னால் கதிரவன் சாய்ந்து, கணவாயின் கரும்பாறைகளெல்லாம் செந்நிறம் பூண்டு நின்ற அந்தி வேளையில், கோட்டைத் தலைவரின் மகள் பொலங்கொடி ஒரு கற்குவியலின் அருகே குதிரையை நிறுத்தினாள். உடன் வந்தவன் அழிசி. குதிரை விற்க வந்து, ஒரு திங்கள் கோட்டையில் தங்கி, அவள் மனத்தைக் கொள்ளை கொண்ட வணிகன். அவனை எல்லை வரை வழியனுப்ப வந்திருந்தாள். சற்றுப் பின்னால் காவல் தலைவர் கொற்றனார் வந்துகொண்டிருந்தார்.

"இது என்ன குவியல், தேவி?"

"பதுக்கை என்போம். வழியில் வெட்டுண்டு விழுந்தவரின் உடலைக் கழுகும் நரியும் தீண்டாதபடி தழையும் கல்லும் இட்டுப் பதுக்குவதால் வந்த பெயர். என் தந்தையோடு பொருது மடிந்த சிற்றரசர் இதற்குள் இருக்கிறார். கடந்து செல்வோர் ஒரு கல் இடவேண்டும்."

வாசக அன்பர்களே, அவள் சொல்லாமல் விட்டதும் ஒன்றுண்டு. கல் இடுவது வழிப்போக்கர் வழக்கம். இறந்தவரின் உறவினரோ, மேலும் பாரம் ஏற்ற மனமின்றிப் பச்சைத் தழையே இடுவார்கள். மடிந்தவருக்கு ஒரு மகன் உண்டென்று கேள்வி. ஆகவே, தழை இடுபவர் எவராயினும் தலை கொய்யப்படும் என்பது கோட்டைத் தலைவரின் கட்டளை.

அழிசி குதிரையிலிருந்து இறங்கி, குனிந்து ஒரு கல்லை எடுத்தான். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு, பாறையோரத்து ஆவிரஞ் செடியில் ஒரு கொத்தைக் கிள்ளிக் குவியலின்மேல் வைத்தான்.

பொலங்கொடி பதறினாள். "ஐயோ! உயிர் போகுமென்று தெரியாதா உமக்கு?"

"தெரியும் தேவி. தந்தையின் மார்பில் கல் வைக்கக் கை வரவில்லை."

அட, பாழாய்ப்போன தந்தைப் பாசமே! கோபமும் அழுகையும் ஒருங்கே பொங்க, "ஏறுங்கள் குதிரையில்! நிற்காதீர்கள்!" என்றாள். அவன் ஏறியும் தயங்கினான். அவளே அவன் குதிரையைத் தட்டி விரட்டி, தன் குதிரையைக் கணவாயின் குறுக்கே நிறுத்தினாள்.

கொற்றனார் உருவிய வாளோடு பாய்ந்து வந்தார். "வழிவிடுங்கள் தேவி! அவன் பகைவரின் மகன்! தழை இட்டதை என் கண்ணால் கண்டேன்!"

பொலங்கொடி இறங்கினாள். அதே செடியில் ஒரு கொத்தைக் கிள்ளி, அவன் வைத்த தழைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதையும் கண்டீர்களல்லவா? நான் இவருடைய மருமகள். கட்டளைப்படி முதலில் என் தலையைக் கொய்துவிட்டு அப்பால் செல்லுங்கள், கொற்றனாரே."

கிழவரின் வாள் மெல்லத் தாழ்ந்தது. அதற்குள் குளம்பொலியும் கேட்காமல் போயிருந்தது.