யார் சொன்ன ஆமென்

பிச்சம்மாளின் கட்டிலருகே ஜெபத்தை முடித்துத் தங்கபுஷ்பம் வாயைத் திறப்பதற்குள், யாரோ ‘ஆமென்’ என்று சொன்னார்கள்.

குற்றாலம் போகும் சாலையோரத்துச் சின்ன மிஷன் ஆஸ்பத்திரி அது. இராத்திரியில் ஒவ்வொரு கட்டிலருகேயும் நின்று ஜெபம் செய்வது தங்கபுஷ்பத்தின் வழக்கம். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும், நர்சம்மா மனம் கோணக்கூடாதே என்று நோயாளிகள் முடிவில் ஓர் ‘ஆமென்’ சொல்லிவைப்பார்கள். வாய் திறக்க முடியாதவர்களுக்காக அவளே சொல்லிவிடுவாள். பிச்சம்மாள் அந்தியிலிருந்தே பேசவில்லை. வாந்திபேதி அவளை உலர்த்திப் போட்டிருந்தது. உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்து கிடந்தன.

காதுதான் ஏமாற்றியிருக்க வேண்டும். ஒழுங்காகத் தூங்கி எத்தனை நாளாயிற்று என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. மற்ற நர்சுகள் காய்ச்சலில் விழுந்துவிட்டார்கள். கடையநல்லூரிலும் நோய் பரவுகிறதென்று போன டாக்டரம்மா இன்னும் திரும்பவில்லை. யுத்தகாலத்து மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் வார்டு முழுவதற்கும் ஒரே ஒரு அரிக்கேன் விளக்குதான். சாரல் ஜன்னல் கம்பிகளுக்கிடையே உள்ளே வந்து பினாயில் வாடையையும் புளித்த வாந்தி வாடையையும் கிளறிக்கொண்டே இருக்க, அவற்றுக்கெல்லாம் அடியில், மலைப்பக்கமிருந்து வரும் அருவியின் இரைச்சல் ஓயாத மூச்சாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் நடுவே அவளை நிமிர்த்தி நிறுத்தியிருந்தது ஜெபம் ஒன்றுதான். இருட்டில் சுவரைப் பிடித்து நடப்பதுபோல, கட்டிலுக்குக் கட்டில் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

“ஆச்சி, இப்போ ஆமென் சொன்னது நீங்களா?”

வாசலில் வாளி கழுவிக்கொண்டிருந்த ஆயா முப்பிடாதியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். “நான் எதுக்குச் சொல்லுதேன்? நீங்கதான எப்பவும் சொல்லுவிய.”

தங்கபுஷ்பம் திரும்பிப் பிச்சம்மாளின் மணிக்கட்டைத் தொட்டாள். நாடி நின்றிருந்தது.

பிழைக்கமாட்டாள் என்று தெரிந்ததுதான். துணியை முகத்தின்மேல் இழுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். ஹாஜரா பீவி தேறி வந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் கஞ்சித்தண்ணீர் குடித்தாள். தறியில் பாதியில் நிற்கிற சேலையைப் பற்றிக் கவலைப்பட்டாள். இப்போது நல்ல தூக்கம். எழுப்ப வேண்டாம் என்று தங்கபுஷ்பம் மெதுவாக ஜெபித்தாள்.

“ஆண்டவரே, இவளை உம்முடைய கையில் ஒப்புக்கொடுக்கிறேன்.”

“ஆமென்.”

இந்த முறை பக்கத்தில் கேட்டது. தொண்டை நிறையத் தண்ணீர் இருப்பவர் பேசுவதைப்போல் ஈரமான குரல். ஹாஜரா பீவியின் உதடு அசையவில்லை. அவள் ஒருமுறை மூச்சை உள்ளே இழுத்தாள். தங்கபுஷ்பம் அது வெளியே வரட்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

“ஐயோ, இவளுமா?” என்று ஆயா பதறினாள். பிணம் தூக்க ஆளை எழுப்பிவிட்டு வருகிறேன் என்று மழையில் இறங்கிப் போனாள்.

மிஞ்சியது ஒரு கட்டில். அதில் மாடத்தி கிடந்தாள். குத்துக்கல்வலசைப் பெண், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புருஷன் தங்கசாமி வந்த நாள் முதல் வராந்தாவில்தான் கிடக்கிறான். சில்லிட்டிருந்த அவள் கைகள் இன்றுதான் சூடேறியிருந்தன. இவளையாவது உயிரோடு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று தங்கபுஷ்பம் கெஞ்சாத நேரமில்லை.

இங்கே ஜெபம் வேண்டாம்.

இப்படி நினைத்ததற்காக அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் வாயை இறுக மூடிக்கொண்டு, உப்புத்தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். மாடத்தி விழுங்கினாள். பிடித்துக்கொள்ள ஜெபம் இல்லாமல் தங்கபுஷ்பத்துக்குத் தலை சுற்றியது. கண்ணிமைகள் தாமாக விழுந்தன.

“நர்சம்மா.”

திடுக்கிட்டாள். தங்கசாமி நின்றிருந்தான்.

“இவளுக்கு மட்டும் செபம் பண்ணலியே.”

“நீங்க போய்ப் படுங்க.”

“எல்லாருக்கும் பண்ணுதிய. நாங்க என்ன தப்புப் பண்ணினோம்?”

“வேண்டாம், அண்ணாச்சி. சொன்னாக் கேளுங்க.”

அவன் கேட்கவில்லை. கட்டிலருகே முழங்கால் போட்டுக் கைகூப்பினான். “ஜன்னல் வழியா தெனமும் கேட்டிருக்கேன். எனக்கே பாடமாயிட்டு.” கண்ணை மூடிக்கொண்டான். “ஆண்டவரே...”

நிறுத்து என்று கத்த வேண்டும். வாயைத் திறக்க வேண்டும். ஆயா சொன்னது காதில் ஒலித்தது.

நீங்கதான எப்பவும் சொல்லுவிய.

அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கைகளாலும் அழுத்திப் பொத்திக்கொண்டாள். பல் உதட்டில் பதிந்து இரத்தம் கரித்தது.

“...இவள ஒங்க கையில ஒப்புக்கொடுக்கேன்.”



சாரல். அருவி. விளக்குத் திரியின் சடசடப்பு.

யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை.

“ஆமென்.”

ஈரக்குரல். இதைவிடப் பக்கத்தில் ஒரு குரல் கேட்க முடியாது.

தங்கசாமி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். முகமெல்லாம் கண்ணீர். “சொல்லிட்டியளே, தாயி! இது போதும். இனி பொழச்சுக்கிடுவா.”

மாடத்தியின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். அவள் கண்கள் கூரையைப் பார்த்துத் திறந்திருந்தன. கடைசியாகப் புகட்டிய உப்புத்தண்ணீர் கடைவாயில் வழிந்து தலையணையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. சிரித்தபடியே அந்தக் கையைத் தடவிக்கொடுத்தான்.

தங்கபுஷ்பம் வாயைப் பொத்திய கைகளை எடுக்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினாள். உள்ளங்கைக்குள் அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.