இருபத்து மூன்றாவது வரி

பூட்டிக்கிடந்த காய்ச்சல் வார்டின் முன்னால் நாங்கள் மூன்று பேரும் போய் இறங்கியபோது உச்சி வெயில். மாட்டு டாக்டர், லேப் அக்கா, நான். அவர் ஆடுமாடுகளைப் பார்ப்பார், அக்கா ரத்தத்தைப் பார்ப்பார், நான் ஆட்களின் வாயைப் பிடுங்குவேன். யார் யாரைத் தொட்டார்கள் என்று கேட்டு எழுதுவது என் வேலை. அந்தப் பட்டியலின் நகல்தான் எங்களிடம் இருந்தது. அசல் உள்ளேயே தங்கிவிட்டது, அதை எடுக்கத்தான் வந்தோம்.

"பட்டியல்ல இருக்குற இருபத்திரண்டு பேருக்கும் டெஸ்ட் பண்ணியாச்சு. இன்னும் மூணு நாள்ல கண்காணிப்பு முடியுது. யாரையும் விட்டுடலையேம்மா?" என்றார் அக்கா.

"நான் என்ன இந்த வேலைக்குப் புதுசா? விடலக்கா" என்று எரிந்து விழுந்தேன்.

பொய்.

ஆட்டிலிருந்து பரவிய அந்தக் காய்ச்சலில் அங்கே கடைசியாகச் செத்தவள் ஆட்டுக்காரம்மா. எழுதப் படிக்கத் தெரியாது. நான் ஒவ்வொரு பெயராக எழுத எழுத, பக்கத்தில் நீல மையில் கட்டைவிரலை வைப்பாள். அந்த விரலின் குறுக்கே பழைய அரிவாள் வெட்டு ஒன்று உண்டு. கடைசி நாள் மூச்சுத் திணறிக்கொண்டே, "கையக் கொஞ்சம் பிடிச்சுக்கோம்மா" என்றாள். பேனா வழுக்குகிறதே என்று கையுறையைக் கழற்றி வைத்திருந்தேன். மனசு கேட்கவில்லை, அப்படியே பிடித்துவிட்டேன்.

என் பெயரை எழுதினால் இருபத்தொரு நாள் தனியறை. வீட்டில் மூன்று வயது மகள், நான் இல்லாமல் கண்ணை மூடமாட்டாள். எழுதவில்லை.

நான் மட்டும் உள்ளே போனேன். பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கைத் துளைத்தது. அதற்கு அடியில் லேசாக ஆட்டு வாடை.

காலிக் கட்டில்கள். கடைசிக் கட்டில் மெல்ல முனகியது, யாரோ எழுந்து உட்கார்வதுபோல.

அலமாரியில் இருந்த பட்டியலைப் புரட்டினேன். இருபத்திரண்டு பெயர்கள், இருபத்திரண்டு ரேகைகள்.

இருபத்து மூன்றாவது வரியில் பெயர் இல்லை.

ரேகை இருந்தது. குறுக்கே வெட்டு.

தொட்டுப் பார்த்தேன். மை காயவில்லை.

"யாரையெல்லாம் தொட்டே?"

காதோரம் கிசுகிசுப்பு. தினமும் நான் கேட்ட கேள்வி. அவள் குரல்.

அந்த வரியில் என் பெயரைக் கிறுக்கிவிட்டு வெளியே ஓடிவந்து, அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா திட்டவில்லை. இரண்டடி பின்னால் போய் முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"மையை எங்க வெச்சுட்டுப் போன? பாப்பா கட்டைவிரல் பூரா நீலம், எவ்வளவு தேய்ச்சாலும் போகமாட்டேங்குது. உடம்பு வேற அனலாக் கொதிக்குது. சீக்கிரம் வா."

மாட்டு டாக்டர் தள்ளி நின்றபடியே என் கையிலிருந்த பட்டியலை எட்டிப் பார்த்தார். "உன் பேருக்குக் கீழ இன்னொண்ணு இருக்கே. அது யாரும்மா?"

குனிந்து பார்த்தேன். இருபத்து நான்காவது வரியில் பெயர் இல்லை. ஒரு சின்னஞ்சிறு ரேகை மட்டும், ஈரத்தோடு.