பந்து போன திசை

பூவிழி உதைத்த பந்து, கோல் கம்பமாக நட்டிருந்த துடுப்புகளைத் தாண்டி, அலை உடையும் இடத்தையும் தாண்டிக் கடலில் விழுந்தது. கண் கூசும் வெயிலில் அது எங்கே மிதக்கிறது என்றே தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் இருந்ததே அந்த ஒரு பந்துதான். நாளைக் காலை பிரம்மதேசம் ஊர்ப் பள்ளிப் பெண்களோடு மேட்ச்.

"பந்து கிடைக்கலன்னா நாளைக்கு நீ வராத" என்றாள் கேப்டன் ஜான்சி.

ஜான்சியின் அப்பாவுக்குச் சொந்தமாகப் படகு உண்டு. அதனால் கடலைப் பற்றி அவள் சொன்னால் டீமில் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். புரட்டாசிக் கடைசியில் நீரோட்டம் தெற்கே திரும்பிவிடுமாம். அப்பாவின் வலையே இப்போது தெற்கே இழுபடுகிறதாம். பந்தும் அங்கேதான் கரையேறும் என்றாள்.

பூவிழியின் ரிப்பன் வடக்கே பார்த்துப் படபடத்தது.

அவள் வீட்டில் எல்லோருக்கும் உப்பளத்தில்தான் வேலை. அங்கே வாய்க்காலில் தண்ணீர் ஒரு பக்கம் ஓடும். மேலே மிதக்கும் நுரையைக் காற்று எதிர்ப்பக்கம் விரட்டும். டீச்சர் காட்டிய உலகப் படமும் அவளுக்கு நினைவு வந்தது. காற்றுதான் கடலைத் தள்ளித் தள்ளிப் பெரிய பெரிய வட்டங்களாக ஓடவைக்கிறதாம். ஆனால் காற்று சட்டென்று திரும்பிவிடும். அவ்வளவு தண்ணீரும் உடனே திரும்புமா? அது தெற்கே போனாலும், மேலே மிதப்பதைக் காற்று வடக்கே விரட்டுமே.

"பந்து வடக்க போயிருக்கும்" என்றாள் மெதுவாக.

"உப்பளத்துல படகு ஓட்டினியாடி?" என்று ஜான்சி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

பூவிழி தன் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து மூடினாள். தோழி கொளஞ்சியின் பாட்டிலை வாங்கி, கழுத்துவரை கடல்நீர் நிரப்பினாள்.

"தொலைஞ்சா அம்மா அடிப்பாங்க."

"தொலைஞ்சா என்னுது தர்றேன்."

"உன்னுதுந்தான் கடலுக்குப் போகுதே."

இரண்டையும் பூவிழி ஓங்கி வீசினாள். நிரம்பிய பாட்டில் மூடி மட்டும் தெரிய, மெல்லத் தெற்கே நகர்ந்தது. காலி பாட்டிலோ தண்ணீரின்மேல் உருண்டு உருண்டு வடக்கே ஓடியது. பந்துக்குள்ளும் வெறும் காற்றுதானே என்றாள் பூவிழி.

பாட்டில் வேறு, பந்து வேறு என்று சொல்லிவிட்டு ஜான்சி எல்லோரையும் தெற்கே அழைத்துப் போனாள். கொளஞ்சி தன் பாட்டிலையும் பூவிழியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பூவிழியின் பின்னால் ஓடினாள்.

சவுக்குத் தோப்புக்கு எதிரே, கரையில் நுரையோடு நுரையாகப் பந்து ஒதுங்கிக் கிடந்தது. பக்கத்திலேயே காலி பாட்டில் அலையில் உருண்டுகொண்டிருந்தது.

இருவரும் பந்தைத் தட்டித் தட்டிக் கொண்டுவந்தபோது, தெற்கே போனவர்கள் தொங்கிய முகத்தோடு திரும்பியிருந்தார்கள். ஜான்சி கையில் கொளஞ்சியின் பாட்டில்.

"அங்க இதுதான் கிடைச்சுது" என்றாள்.

பந்தைக் கையில் வாங்கித் துடைத்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பூவிழியிடமே நீட்டினாள்.

"நாளைக்குக் காத்து எந்தப் பக்கம்னு நீதான் சொல்லணும். டாஸ் ஜெயிச்சா அதைக் கேட்டுத்தான் சைடு எடுப்பேன்."

பூவிழி பந்தைத் தூக்கிப்போட்டு ஓங்கி உதைத்தாள். இந்த முறை, ஊர்ப்பக்கமாக.