வலது பக்கத்துச் சத்தம்

கார் வருவதற்கு முன்பே அதன் சத்தம் வந்து சேர்ந்தது.

ஊஊஊம்... என்று அடித்தொண்டையில் ஒரு முனகல். பர்லாத் ஊர் முடியும் இடம். கடைசி பெட்ரோல் பங்கைத் தாண்டி லிஃப்ட்டுக்காகக் கை நீட்டி நின்ற நான்கு பெண்களில் மூன்று பேர் கையை இறக்கிக்கொண்டார்கள். ரலூகா மட்டும் இறக்கவில்லை. மழை... குடை இல்லை... எட்டு மணிக்கு வலேனிப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு முதல் வகுப்பு.

பழைய நீலக் கார். கண்ணாடி பாதி இறங்கியது.

"வலேனி வழியா போவீங்களா?"

"போவேன்."

"ஏறிக்கலாமா?"

"வெளியில நின்னா நனைவீங்க."

இதற்கு என்ன அர்த்தம்? ஏறலாம் என்றா? ஏறினாள். கதவை அறைந்து சாத்தினாள்.

"மெதுவா... கதவு கழண்டுடும்."

"அடேயப்பா! இவ்வளவு ஊளையிடற வண்டியில, கதவுச் சத்தம் மட்டும் உங்களுக்குக் கேட்டுச்சாக்கும்!"

அவன் திரும்பினான். அப்போதுதான் அவளைப் பார்த்தான். இமை நுனியில் ஒரு துளி நின்றது. விழவில்லை. நனைந்த அக்ரூட் ஓட்டின் நிறத்தில் கண்கள்... சட்டென்று சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வண்டி வேகம் எடுக்க எடுக்க முனகலும் ஏறியது. ரலூகா தலையைச் சாய்த்துக் கேட்டாள். வகுப்பில் சுருதி விலகிய பிள்ளையைத் தேடும்போது அவள் அப்படித்தான் தலை சாய்ப்பாள்.

"ரோடு காலியாத்தானே இருக்கு... லேசா இடது பக்கம் ஒடிங்க."

"எதுக்கு?"

"ஒடிங்களேன்."

ஒடித்தான். முனகல் ஒரு படி ஏறிக் கத்தியது.

"இப்ப வலது பக்கம்."

ஒடித்தான். சத்தம் அடங்கியது.

"முன்னாடி வலது சக்கரம். வீல் பேரிங் போயிடுச்சு."

"சத்தம் இடது பக்கத்துலேர்ந்துதான் வருது."

"காதுக்கு அப்படித்தான் இருக்கும். இடது பக்கம் திரும்பினா பாரம் எங்க விழும்? வலது சக்கரத்து மேல. வலிக்கிற கால்ல பாரம் விழுந்தா கத்தாதா?"

"மெக்கானிக்கா நீங்க?"

"பாட்டு டீச்சர். அண்ணன் இத்தாலியில லாரி ஓட்டறான். சின்ன வயசுல எங்க வீட்டு வாசல்ல பாட்டை விட பேரிங்தான் அதிகம் கேட்டிருக்கேன்."

அவன் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெரியாதவனோ... என்று நினைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது எல்லோரும் செய்வதுபோல ஒரு பண நோட்டை டேஷ்போர்டில் வைக்கப் போனாள். அவன் கையை அசைத்து வேண்டாம் என்றான்.

"நாளைக்கும் இதே நேரம்தானா?" என்று கேட்டாள்.

"இதே நேரம்தான்."

"அப்படின்னா நான் கை நீட்ட மாட்டேன். நீங்களா நிறுத்தணும்."

மறுநாள் அவள் கை நீட்டவில்லை. கார் நின்றது.

*

அவன் பெயர் திபேரியு. வலேனியைத் தாண்டியுள்ள தானியக் கிடங்கில் இன்ஜினியர். மனைவி ஸ்மரண்டா மே மாதம் இறந்துபோனாள். நீண்ட நோய். அவள் சொந்த ஊர் வலேனிதான்... புதைத்ததும் அங்கேதான். அவளுடைய அம்மா அக்லாயா சர்ச்சுக்கு எதிர் வீட்டில் இருக்கிறாள். இதையெல்லாம் அவன் ஒரே மூச்சில், கிடங்கில் ஈரப்பதம் எவ்வளவு என்று படிப்பதுபோலச் சொன்னான். பிறகு ரேடியோவைத் திருகினான். அது எப்போதோ பழுதாகிவிட்ட ரேடியோ.

லிஃப்ட்டுக்கு நிற்கும் பெண்கள் விடவில்லை.

"என்ன டீச்சர், உனக்குன்னு தனி டாக்ஸியா?"

"செத்தவ சீட்டு டீச்சர் அது. சூடு ஆறல."

ரலூகா காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி நின்றாள். காதில் விழுந்தது. எல்லாமே அவள் காதில் விழும்... அதுதான் அவள் கஷ்டம்.

இருந்தாலும் காலையில் கண்ணாடி முன் நிற்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. தூரத்தில் அந்த முனகல் கேட்டால் போதும், விரல் தானாகக் கழுத்துத் துண்டைச் சரி செய்யும். சீ, ஒரு பழைய காரின் சத்தத்துக்கா இந்தப் படபடப்பு...

ஆனால் சத்தம் வளர்ந்துகொண்டே வந்தது. ஒருநாள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"இன்ஜினியர் சார், பேரிங்கை மாத்தற வரைக்கும் ஏற மாட்டேன். சக்கரம் கழண்டு தனியா வலேனிக்குப் போயிடும். நாம வயல்ல கிடப்போம்."

"சரி" என்றான். போய்விட்டான்.

ஒரு வாரம் மினிபஸ்ஸில் நசுங்கினாள். திங்கட்கிழமை நீலக் கார் வந்து நின்றது.

"மாத்திட்டேன். ஏறுங்க."

ஏறினாள். முதல் வளைவு... ஊஊஊம்!

"எந்தப் பக்கத்தை மாத்தினீங்க?"

"இடது."

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஒரு பொம்பளை சொன்னாளேன்னு வலதை மாத்திடக் கூடாது... அவ்வளவுதானே? மெக்கானிக் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னான். நான்தான் இடதுன்னு அடிச்சுச் சொன்னேன்."

"பிடிவாதம்!"

அவன் உதட்டின் ஒரு ஓரம் மட்டும் மேலே போனது. அவள் பார்த்த அவனுடைய முதல் சிரிப்பு. அதற்காகப் பேரிங்கை மன்னித்துவிட்டாள்.

*

நவம்பரில் ஒருநாள் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"சனிக்கிழமை ஸ்மரண்டாவுக்கு ஆறாம் மாசப் பிரார்த்தனை. வலேனி சர்ச்சுல. வருவீங்களா?"

அவளை அழைக்கிறான். அவன் வாழ்க்கைக்குள் ஒரு கதவு திறக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள்.

பிரார்த்தனை முடிந்தது. சர்க்கரையும் அக்ரூட்டும் தூவிய வேகவைத்த கோதுமை ஆளுக்கு ஒரு கரண்டி. பிறகு தானம். இறந்தவளுடைய துணியை அவள் வயதுள்ள ஒருத்திக்கு, எரியும் மெழுகுவர்த்தியோடு கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லக் கூடாது. வாங்கியவள் அதை உடுத்தவும் வேண்டும். இல்லாவிட்டால் மேலுலகம் போனவளுக்குக் குளிரும்.

அக்லாயா ஒரு பச்சைக் கோட்டைக் கையில் மடித்து வைத்திருந்தாள். கூட்டத்தைக் கடந்து நேராக ரலூகாவிடம் வந்தாள்.

"யாருக்குக் குடுக்கறதுன்னு தேடவே வேண்டாம்னு ஊரே சொல்லுது. என் பொண்ணு சீட்டுல தினமும் உக்கார்றியாமே... அவ கோட்டையும் போட்டுக்கோம்மா. உயரமும் அதேதான்."

யாரோ களுக்கென்றார்கள். யாரோ இருமி அதை மறைத்தார்கள்.

ரலூகா திபேரியுவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்களேன். லிஃப்ட் குடுத்தேன், அவ்வளவுதான்னு சொன்னாக்கூடப் போதும்...

அவன் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். வாங்குபவர்கள் இறந்தவளுக்காகச் சொல்லவேண்டியதைச் சொன்னாள்.

"கடவுள் அவங்களை மன்னிக்கட்டும்."

குரல் உடையவில்லை. பாட்டு டீச்சர் அல்லவா. காருக்காகக் காத்திருக்கவில்லை. மினிபஸ் நிறுத்தம்வரை நிமிர்ந்தே நடந்தாள்.

*

திங்கட்கிழமை மறுபடி மழை.

பெட்ரோல் பங்கைத் தாண்டியதும் அவனுக்கு அது தெரிந்தது. பச்சைக் கோட்டு. மழைக்குத் தோளைக் குறுக்கி, முதுகைக் காட்டிக்கொண்டு... கால் தானாக பிரேக்கை மிதித்தது. எட்டிக் கதவைத் திறந்தான்.

"ஸ்மரண்டா!"

கோட்டு திரும்பியது. உள்ளே ரலூகா இருந்தாள்.

பின்னால் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டீச்சர்" என்றாள் அவள், மெதுவாக. "நான் டீச்சர்."

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. மினிபஸ் போய்விட்டது. ஏறினாள். இந்தத் தடவை கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"போட்டுக்கணுமேன்னு போட்டேன். அவங்களுக்குக் குளிரக் கூடாது பாருங்க" என்றாள் கண்ணாடியைப் பார்த்து. "இதைப் பார்த்தா இன்னைக்காவது என்கிட்ட ஏதாவது பேசுவீங்கன்னும் நினைச்சேன். பேசிட்டீங்க."

அவன் வேகத்தைக் கூட்டினான். முனகல் இப்போது முனகலாக இல்லை. சரளைக்கல்லை அரைப்பதுபோல ஒரு கரகரப்பு. வலேனிக்கு முந்தைய இடது வளைவில் ஸ்டியரிங் அவன் கையில் உதறியது. சூடான இரும்பின் நாற்றம். சோளக் கட்டைகள் நிற்கும் வயலோரம் வண்டியை நிறுத்தினான்.

ஜாக்கியை வைத்து வலது பக்கத்தைத் தூக்கினான். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். விழப்போகும் பல்லைப்போல ஆடியது.

"வலதுதான்" என்றாள் மழையில் நின்றபடி. அதில் ஜெயித்த குரல் இல்லை.

"தெரியும்."

"இப்பத் தெரியுது..."

"முதல்லேர்ந்தே தெரியும். நீங்க ஏறினதுக்கு முன்னாடியே."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் அக்ரூட் கண்கள் எரிந்தன.

"தெரிஞ்சுமா இடதை மாத்தினீங்க? தெரிஞ்சுமா தினமும் என்னை உக்கார வச்சு ஓட்டினீங்க? சக்கரம் கழண்டிருந்தா? உங்களுக்குச் சாகணும்னா தனியா போய்ச் சாகுங்க சார்! நான் என்ன பாவம் பண்ணினேன்?"

"நீங்க ஏறணும். சத்தமும் போகக் கூடாது. ரெண்டும் வேணும்னு இருந்துச்சு."

"அந்தச் சத்தத்துல அப்படி என்ன இருக்கு?"

அவன் சக்கரத்தின் மேல் கை வைத்தபடி குந்தியிருந்தான். மழை அவன் முடியிலிருந்து மூக்குக்கு வழிந்தது.

"அவளைப் புதைச்சுட்டு இந்த ரோட்டுலதான் திரும்பி வந்தேன். அன்னைக்குத்தான் இது ஆரம்பிச்சுது. எனக்கு அழுகை வரல. ஆஸ்பத்திரியில வரல, குழிகிட்ட வரல. எல்லாரும் என் மூஞ்சியையே பார்த்தாங்க. கார் அழுதுச்சு. சரி, அதாவது அழட்டும்னு விட்டுட்டேன்."

ரலூகாவின் கோபம் போகவில்லை. ஆனால் அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

"சனிக்கிழமை அந்த அம்மா என்னை ஊர் முன்னாடி அப்படி நிக்க வச்சாங்களே... அப்ப ஒரு வார்த்தை வரலையா?"

"வந்துச்சு. அதான் பேசல."

"என்ன வார்த்தை?"

ஒரு டிராக்டர் கடந்து போனது. ஓட்டியவன் பச்சைக் கோட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான்.

"உங்களைப் பார்க்க ஆரம்பிச்சதுலேர்ந்து அவ முகம் மறந்துக்கிட்டே வருது" என்றான் திபேரியு. "முதல்ல குரல் போச்சு. அப்புறம் கண்ணு. இன்னைக்குக் கோட்டைப் பார்த்துத்தான் அவ பேரைக் கூப்பிட்டேன்... முகம் ஞாபகம் வரல. வந்தது உங்க முகம். அதுக்காக உங்களை மன்னிக்க முடியல டீச்சர். நீங்க வராம இருந்தாலும் தாங்க முடியல. நேத்து பூரா, இன்னைக்கு நீங்க அங்க நிக்க மாட்டீங்கன்னு பயந்தேன். அவ சாகும்போதுகூட நான் அப்படிப் பயப்படல. இதை சர்ச்சுல வச்சு எப்படிச் சொல்லுவேன்?"

எத்தனை இரவு இப்படி ஒன்றைக் கேட்கக் காத்திருந்தாள்... கேட்டுவிட்டாள். இனிக்கவில்லை. ஆனாலும் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

தொலைவில் பள்ளி மணி அடித்தது. அவளுடைய வகுப்பு, அவள் இல்லாமல் தொடங்கியது.

அவன் பக்கத்தில் ஈரத் தரையிலேயே குந்தினாள். கோட்டின் ஓரம் சேற்றில் பட்டது. தூக்கிப் பிடிக்கவில்லை.

"சனிக்கிழமை ராத்திரி இதைப் போட்டுக் கண்ணாடியில பார்த்தேன்" என்றாள். "இறுக்கமா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். இல்ல தொளதொளன்னாவது இருக்கணும்னு. சரியா இருக்கு திபேரியு... தோள், கை, எல்லாமே தைச்சு வச்ச மாதிரி இருக்கு. கடவுள் அவங்களை மன்னிக்கட்டும்னு சொல்லிட்டேன். என்னாலதான் ஸ்மரண்டாவை மன்னிக்க முடியல. எனக்கு உங்களை அவ்வளவு பிடிச்சிருக்கு."