கதவின் உள்பக்கம்

எர்லண்ட் எழுந்தான். ஓட்ஸ் கஞ்சி குடித்தான், பாத்திரம் கழுவினான், ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு ஆடுகளுக்கு நடுவே நடந்தான். ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவில், உள்ளே கல் அறைகள் கொண்ட ஐயாயிரம் வருடத்துக் கல்லறைமேடு ஒன்று அவன் பண்ணைக்குள் இருந்தது. பார்க்க வருபவர்களுக்காகக் காலையில் திறப்பதும் மாலையில் பூட்டுவதும் பண்ணை வீட்டுக்காரர் பொறுப்பு.

இரும்புக் கதவை இழுத்தான். உள்பக்கத்தில், முழங்கால் உயரத்தில், சாம்பலாக ஒரு கை பதிந்திருந்தது. நேற்று பூட்டும்போது இல்லை.

இறந்துபோன மனைவி தோராவின் அஸ்தியைப் பனிக்காலத்தில் ஒரு டப்பாவில் அவன்தான் உள்ளே வைத்தான். சட்டப்படி குற்றம், யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் மேட்டின்மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றபடி அவள் சிரித்திருந்தாள்: “செத்தா என்னை இங்கயே வச்சிரு. வாடகை கிடையாது.”

கூரைக்கல் விரிசல் விட்டதால் இன்று தொல்லியல் துறையினர் வாசலைக் கல்வைத்து அடைக்கிறார்கள். அதற்குள் அவளை வெளியே எடுத்தாக வேண்டும்.

தாழ்ந்த வழியில் தவழ்ந்தான். ஈரக்கல்லின் வாடை தொண்டையில் இறங்கியது, காற்றுச் சத்தம் முதுகுக்குப் பின்னால் மெல்ல அடங்கியது, அவன் மூச்சு மட்டும் சுவரில் பட்டுத் தாமதமாகத் திரும்பி வந்தது. பக்கவாட்டு அறையில் டப்பா கிடந்தது. மூடி திறந்து. காலி.

டார்ச்சைத் தாழ்த்தினான். சாம்பல் அங்கிருந்து வாசல்வரை இழுபட்டிருந்தது. அதன்மேல்தான் தவழ்ந்து வந்திருக்கிறான்.

வாரினான். வரவில்லை. நகத்தால் சுரண்டினான்.

“டேய், உள்ள என்னடா பண்ற?” கொத்தனார் டேவியின் குரல். “ஒரு சிட்டிகை மண்ணு வெளிய வந்தாலும் ஆபீஸ்ல என் தோல உரிச்சிருவாங்க. வாடா.”

வெளியே வந்தான். டேவி அவன் உள்ளங்கைகளைப் பிடித்து, ஒட்டியிருந்ததைக் கதவுக்கு உள்ளேயே தட்டிவிட்டார்.

“உள்ள தோரா இருக்கா, அண்ணே.”

“புரியுதுடா. எனக்கும் கடைத்தெருவுல அவ மாதிரியே யாராவது தெரியறாங்க.” தோளைத் தட்டினார். பூட்டினார்.

“பூட்ட வேணாம்.”

“அஞ்சாயிரம் வருஷமா கிடக்கிறவங்க இப்பவா ஓடப் போறாங்க?” கல் அடுக்கத் தொடங்கினார்.

“எப்பத் திறப்பாங்க?”

“நம்ம காலத்துல இல்ல.”

உள்ளே சுரண்டும் சத்தம். மெதுவாக. தாழ்வாக.

“எலி,” என்றார் டேவி.

ஒரு கல்லுக்கு மட்டும் இடம் மிச்சம். அதன் வழியே, மேலே சந்து விட்டிருந்த கதவின் மேல்விளிம்பு தெரிந்தது. உள்ளிருந்து அதைப் பற்றியபடி நான்கு விரல்கள். சாம்பல் விரல்கள். டேவி கல்லைத் தேர்ந்தெடுக்கக் குனிந்திருந்தார். நிமிர்ந்தார். வைத்தார். சுத்தியலால் தட்டினார்.

ஆஸ்பத்திரியில், கடைசி மாலை, நர்ஸ் வெளியே போனதும் தோரா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்:

“கதவ மட்டும் சாத்தாத, எர்லண்ட்.”