தப்பு போட்டால் பேசும் அக்கா

தமிழ்நிலாவின் தோட்டத்தில் ஒரு பூகூட இல்லை.

வீட்டுத் தோட்டத்தைச் சொல்லவில்லை. அங்கே அப்பா கண்ணுசாமி போட்ட மல்லிகை நன்றாகத்தான் பூத்துக்கொண்டிருந்தது. இது பள்ளிக்கூடத்துக் கணினிக்குள் இருக்கும் தோட்டம். தமிழாசிரியர் ராயப்பராஜ் சார் தானே உட்கார்ந்து உருவாக்கிய பாடம். பெயர் 'எழுத்துத் தோட்டம்'.

திரையில் ஒரு வாக்கியம் வரும். அதில் ஒரு சொல் மட்டும் இருக்காது. கீழே இருக்கும் சொற்களில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரியாகப் போட்டால் 'டிங்' என்று மணி அடித்து ஒரு பூ பூக்கும். தப்பாகப் போட்டால் பூ கிடையாது. ஹெட்போனில் ஒரு குரல் பேசும்.

ஆறாம் வகுப்பில் மற்ற எல்லாருடைய தோட்டத்திலும் பூ இருந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிரின்ஸின் தோட்டத்தில்கூட நாலைந்து பூ இருந்தது. பக்கத்துக் கணினியிலிருந்து அவன் எட்டிப் பார்த்தான்.

"ஏ நிலா, ஒன் தோட்டத்துல என்ன ஆடு மேஞ்சிருச்சா?"

"ஒன் வேலையப் பாருடா" என்றாள் நிலா.

திரையில் அடுத்த வாக்கியம் வந்தது. 'ஆடுகள் மலையடிவாரத்தில்...' என்று இருந்தது. கீழே 'மேய்ந்தன', 'மேய்ந்தது' என்று இரண்டு சொற்கள். நிலாவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியான விடையைச் சொல்லிவிடுவாள். ஆனால் அவள் மவுஸை நகர்த்தி 'மேய்ந்தது' என்பதை அழுத்தினாள்.

"பரவால்ல அப்பு" என்றது ஹெட்போன் குரல். "அவசரப்படாம இன்னொருக்கா பாரு. நான் இங்கனதான் இருக்கேன்."

நிலா கண்ணை மூடிக்கொண்டாள். அது அவளுடைய அக்கா பானுப்ரியாவின் குரல்.

போன வருஷம் அக்கா இதே பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தாள். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் செய்தி வாசிப்பது எப்போதும் அவள்தான். அதனால் சார் அவளையே பேசவைத்து இந்தப் பாடத்துக்குப் பதிவு செய்திருந்தார்.

இப்போது அக்கா ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். போனுக்குள் வைக்கும் சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்தும் வேலை. ஒரு வருஷம் வேலை, அப்புறம் கல்லூரி என்று வீட்டில் பேச்சு. வாரமெல்லாம் போனோடு மல்லுக்கட்டுகிற அக்காவுக்கு, அதில் பேச ஞாயிற்றுக்கிழமைதான் நேரம் கிடைத்தது.

அதுவும் அப்பாவின் பட்டன் போனில்தான். அம்மா பேசி, அப்பா பேசி, அது நிலாவின் கைக்கு வரும்போது அக்காவுக்குக் கொட்டாவி வந்துவிடும். "சாப்டியா? படிக்கிறியா? சரி, வைக்கட்டா?" அவ்வளவுதான்.

முன்பெல்லாம் விடிவதற்கு முன்னால் மொட்டுப் பறிக்கப் போனால், செடிகளுக்கு அந்தப் பக்கம் அக்கா நிற்பாள், இந்தப் பக்கம் நிலா நிற்பாள். கை பாட்டுக்குப் பறிக்கும், வாய் பாட்டுக்குப் பேசும். இப்போது அந்தப் பக்கம் யாரும் இல்லை. நிலாவுக்கு அக்கா வேண்டும்போல இருந்தது. தினமும் இருந்தது.

அதனால்தான் கணினி வகுப்பு வந்தால் அவள் ஒன்று விடாமல் தப்பாகப் போட்டாள். எத்தனை தப்பு போட்டாலும் அக்கா கொட்டாவி விடவில்லை.

அடுத்த புதன்கிழமை எல்லாரும் கணினி முன்னால் உட்கார்ந்ததும் ராயப்பராஜ் சார் தொண்டையைச் செருமினார்.

"இன்னிக்குத்தான் எழுத்துத் தோட்டத்துக்குக் கடைசி நாள். பீரியட் முடிஞ்சதும் எடுத்துருவேன். வெளியில இருந்து வேற பாடம் வந்திருக்கு, இனிமே அதப் போடுவோம்."

"ஏன் சார்?" பிரின்ஸ் எழுந்தே நின்றுவிட்டான்.

"நம்ம நிலா, பேப்பரக் குடுத்தா கடகடன்னு வாசிக்கிற புள்ள. அதுக்கே இதுல ஒரு பூவும் பூக்கலன்னா என்ன அர்த்தம்? கோளாறு புள்ளகிட்ட இல்லப்பா. நான் செஞ்ச பாடத்துலதான்."

சார் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் முகம் வாடியிருந்தது. நிலாவுக்குத் திக்கென்றது.

பிரின்ஸ் மெதுவாக உட்கார்ந்தான். "வகுப்புல நான் வாசிச்சா எல்லாரும் சிரிப்பாய்ங்க. இந்த அக்கா மட்டும் ஒரு தடவகூட சிரிச்சதில்ல" என்று முணுமுணுத்தான். அவன் நிலாவிடம் சொல்லவில்லை, கணினியிடம்தான் சொன்னான்.

நிலா திரையைப் பார்த்தாள். சரியாகப் போட்டால் அக்கா தன்னிடம் பேசமாட்டாள். தப்பாகப் போட்டால் இனிமேல் யாரிடமும் பேசமாட்டாள். பிரின்ஸிடமும் பேசமாட்டாள்.

கடைசியாக ஒரே ஒரு தடவை கேட்டுவிடலாமா? மவுஸ் தப்பான சொல்லின் பக்கம் போனது. அங்கேயே நின்றது. பிறகு மெல்லத் திரும்பிச் சரியான சொல்லின் மேல் வந்து நின்றது.

டிங்!

அடுத்த வாக்கியம் வந்தது. டிங்! அதற்கடுத்தது. டிங்! தோட்டத்தில் செம்பருத்தி பூத்தது, செவ்வந்தி பூத்தது. நிலாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அவள் நிறுத்தவில்லை.

கடைசிப் பூவும் பூத்தபோது சார் அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஏ நிலா! அப்ப இம்புட்டு நாளும்?"

"ஒங்க பாடத்துல ஒரு கோளாறும் இல்ல சார். நான்தான் வேணும்னே தப்பாப் போட்டேன்" என்றாள் நிலா. "இது எங்க அக்கா குரலு. தப்பாப் போட்டாத்தான் பேசுது. இத எடுத்துறாதீங்க சார்."

சார் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரியாப் போட்டா மட்டும் ஏன் சார் அக்கா பேச மாட்டேங்குது?"

"சரியாப் போடுறவங்களுக்கு ஒரு மணி போதும்னு நினைச்சேன்மா. தப்புப் போடுறவங்களுக்குத்தான் பக்கத்துல ஒரு ஆள் வேணும்." சார் அவள் தலையைத் தொட்டார். "ஒனக்கும் வேணும்னு எனக்குத் தோணாமப் போச்சு. ஒங்க வீட்டு போனுக்கு அந்தக் குரல அனுப்பி விடட்டுமா?"

"பட்டன் போனு சார்."

"அடடா!" என்றார் சார். பிறகு எழுந்து, வகுப்பு முழுவதற்கும் கேட்கிறமாதிரி சொன்னார். "எழுத்துத் தோட்டம் இருக்கும்ப்பா. எடுக்கல."

பிரின்ஸ் மேசையில் தாளம் போட்டான். பிறகு திடீரென்று நிறுத்திவிட்டு நிலாவைப் பார்த்தான்.

"இது ஒங்க அக்காவா? முன்னாடியே சொல்ல மாட்டியா?" அவன் தன் ஹெட்போனின் ஒரு பக்கத்தை விரித்து அவள் பக்கம் திருப்பினான். "வா, கேளு. நான் தப்பாப் போடுறேன்."

"எனக்காக நீ தப்பாப் போட வேணாம்டா."

"ஒனக்காகப் போடணும்னு இல்ல. அது தானா வந்துரும்" என்றான் பிரின்ஸ்.

நிலா சிரித்துவிட்டாள். இரண்டு பேரும் தலையோடு தலை சேர்த்து உட்கார்ந்தார்கள். பிரின்ஸ் எழுத்துக்கூட்டினான். அவன் விரல் தப்பான சொல்லைத்தான் அழுத்தப் போனது. நிலா இன்னும் ஒரு நொடி பேசாமல் இருந்தால் போதும், அக்காவின் குரல் கேட்டுவிடும்.

"அவசரப்படாத" என்றாள் நிலா. "இன்னொருக்கா பாரு."

பிரின்ஸ் இன்னொரு முறை வாசித்தான். டிங்! அவன் தோட்டத்தில் பெரிய சூரியகாந்தி ஒன்று பூத்தது. அவன் முகமும் பூத்தது. நிலாவின் மனதில் ஏக்கம் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் அந்தச் சூரியகாந்தி அவளுக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை அக்கா கூப்பிட்டாள். அம்மா பேசி, அப்பா பேசி, போன் நிலாவிடம் வந்தது.

"சாப்டியா? படிக்கிறியா?" அக்காவின் குரல் கம்மியிருந்தது.

"ஏன்க்கா ஒரு மாதிரி பேசுற?"

"ஒண்ணுமில்ல அப்பு."

"சும்மா சொல்லுக்கா."

"வேலையில ஒரு பாகத்த மாத்தி வச்சுட்டேன். சூப்பர்வைசர் எல்லாரு முன்னாடியும் கத்திட்டாரு. அம்மாகிட்ட சொல்லிறாத, என்ன?"

அக்காவும் அங்கே தனியாகத்தான் இருக்கிறாள் என்பது நிலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் வாசல் பக்கம் நகர்ந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பரவால்லக்கா. அவசரப்படாம இன்னொருக்கா பாரு. நான் இங்கனதான் இருக்கேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு சிரிப்பு.

"ஏ அப்பு, இத யாரு ஒனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"நீதான். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்ல."

"அட! அத இன்னும் சாரு வச்சிருக்காரா?"

நிலா ஆடு மேய்ந்த தோட்டத்திலிருந்து ஆரம்பித்தாள். பிரின்ஸின் சூரியகாந்தி வரைக்கும் சொன்னாள். அப்பா போனுக்காக இரண்டு தடவை கையை நீட்டிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அன்றைக்கு அக்கா, "சரி, வைக்கட்டா?" என்று கேட்கவே இல்லை.