கோட்டில் ஒரு நெளிவு

எலும்பு முறிந்த பிறகும் திரையில் கோடு ஒரேயடியாகக் கீழே விழவில்லை.

அவளுக்கு அது உறுத்தியது. காலையிலிருந்து வந்த கோடுகள் எல்லாம் ஒரே ஜாடைதான். சாய்வாக ஏறும், உச்சிக்குப் போகும், எலும்பு முறிந்ததும் கிணற்றில் போட்ட கல்லாகக் கீழே போய்விடும். மாட்டெலும்பின் குணம் அது. தாங்குகிற வரை தாங்கும், விட்டால் ஒரேயடியாக விட்டுவிடும். இந்தக் கோடு மட்டும் கொஞ்சம் விழுந்து, நின்று, மறுபடி கொஞ்சம் விழுந்து, படிப்படியாக இறங்கியிருந்தது. சின்னச் சின்ன எலும்புகள் பல, ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கினால்தான் கோடு அப்படி இறங்கும்.

கீழ்த்தளத்தில் இருப்பது அழுத்து இயந்திரம். அதன் இரண்டு எஃகுத் தட்டுகளுக்கு நடுவே எலும்பை வைத்து முறிப்பது அவள் கணவன் வேலை. அங்கிருந்து வரும் அளவுகளை மேல்தளத்துக் கணினியில் உட்கார்ந்து வரைபடமாக்குவது அவள் வேலை. ஆள் ஒல்லி என்பதால் ஆய்வகம் முழுக்க அவனுக்கு ஒடிசல் என்றுதான் பெயர். இதயம்கூட அவனுக்குச் சரியாக வேலை செய்யாது. நாலைந்து முறை அடித்துவிட்டு ஒரு துடிப்பை விழுங்கிவிடும். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அதுக்கும் உங்களை மாதிரியே சோம்பேறித்தனம்" என்று அவன் மார்பில் காதை வைத்துக்கொண்டு அவள் கேலி செய்வாள்.

அன்று விடுமுறை. வெளியே பிற்பகலிலேயே இருட்டிக்கொண்டு மழை. கட்டடத்தில் இவர்கள் இரண்டு பேரைத் தவிர ஈ காக்கை இல்லை. மறுநாள் அறிக்கை போகாவிட்டால் இந்த ஆய்வு வேறொருவர் கைக்குப் போய்விடும் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார். அந்தக் கவலையில்தான் காலையில் சண்டை வந்தது.

"நீங்க அனுப்புற எல்லாத்துலயும் நெளிவு. ஒரு கோடாவது சுத்தமா வருதா?"

"மிஷின் அதிருது. அதுக்கு நான் என்ன பண்றது?"

"எதுக்கெடுத்தாலும் ஒரு சாக்கு வச்சிருக்கீங்க."

பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு அவன் கீழே இறங்கிப் போனான். அவளுக்கும் கோபம் மூக்குக்கு மேல் இருந்தது. மென்பொருளில் 'ஸ்மூத்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். இனி வரும் அளவுகளில் எந்த நெளிவு இருந்தாலும் மென்பொருளே தேய்த்துவிடும். கோடு இஸ்திரி போட்டதுபோல் வரும். அப்படியேதான் வந்தது. நாள் முழுக்க அவள் அதற்குப் பிறகு எதையும் உற்றுப் பார்க்கவில்லை.

இப்போதுதான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். காலையில் ஒவ்வொரு எலும்பு முறியும்போதும் தரை வழியாக, காலணிக்கு அடியில், காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல் 'படக்' என்று ஒரு சத்தம் ஏறி வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அந்தச் சத்தம் மாறிவிட்டிருந்ததும், ஈரத்துணியில் சுற்றிய விறகை முறிப்பதுபோல் அது கனத்துப்போயிருந்ததும், அதற்கு முன்னால் மழைச் சத்தத்தோடு சத்தமாக வேறு ஏதோ ஒன்று நீளமாக எழுந்து அடங்கியதும் இப்போதுதான் புத்தியில் உறைத்தது. சுவரோரக் காற்றுத் துவாரத்தில் எலும்புப் பொடியின் நெடி இல்லை. நனைந்த இரும்பின் வாடை வந்தது.

போன் போட்டாள். உடனே எடுத்தான்.

"என்னங்க, கடைசி சாம்பிள்ல என்ன வச்சீங்க? கோடு ஒரு மாதிரி இருக்கு."

"எல்லாம் சரியா இருக்கு. நீ வரை."

சண்டை போட்ட நாளிலும் "சொல்லு கோட்டம்மா" என்று, கோடு வரைகிறவளுக்குத் தான் வைத்த செல்லப் பெயரில்தான் அவன் போனில் ஆரம்பிப்பான். கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மனம் தேறவில்லை.

'ஸ்மூத்' கட்டத்திலிருந்த டிக்கை எடுத்தாள்.

இஸ்திரி போட்ட கோடு கலைந்தது. ஏறும் சாய்வின் மேல் குட்டிக் குட்டி அலைகள் கிளம்பின. இயந்திரத்தின் அதிர்வு என்றால் ஒரே சீராக இருக்க வேண்டும். இவை அப்படி இல்லை. அழுத்தம் ஏற ஏற அலைகள் நெருங்கின. முறிந்த இடத்தில் ஒன்றோடொன்று முட்டி மோதின. பெரிதாக்கிப் பார்த்தாள். நாலு அலை, ஐந்து அலை, பிறகு ஒரு வெற்றிடம். மறுபடி நாலு அலை. ஒரு வெற்றிடம்.

அந்தத் தாளம் அவள் காதுக்குத் தெரியும்.

சாப்பாட்டுக்குப் பிறகு வந்த கோடுகளை ஒவ்வொன்றாகத் திறந்து டிக்கை எடுத்தாள். எல்லாவற்றிலும் அலை. எல்லாவற்றிலும் வெற்றிடம். சாம்பிளின் தடிமன் என்ன என்று ஓரத்தில் ஒரு கட்டம் காட்டும். முதலில் விரலளவு. பிறகும் விரலளவு. பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கைக்குக் கீழே. பிறகு தோள். அங்கிருந்து மறுபடி இறங்கி, கடைசியாக மணிக்கட்டு. அத்தனையும் உயிரோடு துடித்திருக்கின்றன, அத்தனையையும் அவள் தேய்த்துச் சுத்தம் செய்திருக்கிறாள்.

மறுபடி போன்.

"என்னங்க, உங்க கை எங்க?"

"எந்தக் கை?"

"விளையாடாதீங்க. மிஷினை நிறுத்துங்க."

"இன்னும் ஒரு சாம்பிள் இருக்கு. நீ வரை."

குரல் நிதானமாக இருந்தது. மூச்சு வாங்கும் சத்தமே அதில் இல்லை. திரையில் புதிய கோடு ஒன்று பிறந்தது. தடிமன் கட்டத்தில் எண் விழுந்தது. அது கையும் இல்லை, காலும் இல்லை. ஒரு தலையின் அகலம்.

ஓடினாள். போன் கையிலேயே இருந்தது. தாழ்வாரத்தில் விளக்கு இல்லை. படியில் கால் வழுக்கியது. முட்டித் தோல் உரிந்தது. எழுந்தாள். அந்த வாடை. இரும்பு வாடை. கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். திறந்துகொண்டது.

அவன் இயந்திரத்தின் முன் மண்டியிட்டிருந்தான். இரண்டு கைகளும் தோளிலிருந்து சட்டையோடு சட்டையாக, தட்டையாக, தரை வரை தொங்கின. அவற்றில் பிடித்துத் தூக்க எதுவும் மிச்சமில்லை. தலை பக்கவாட்டில் தட்டுகளுக்கு நடுவே இருந்தது. கண் திறந்திருந்தது. அவளைத்தான் பார்த்தது. இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பலகையின் முன் யாரும் இல்லை. மேல் தட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை ஓங்கிக் குத்தினாள். அது ஏற்கெனவே அமுங்கித்தான் இருந்தது. அதன் மேல் ரத்தத்தில் ஒரு நெற்றியின் தடம். அவன்தான் முட்டி முட்டி அமுக்கியிருக்கிறான்.

கழுத்தைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. விரல்களுக்கு அடியில் நாடி தறிகெட்டு ஓடியது. நாலு. ஒன்றுமில்லை. ஐந்து. ஒன்றுமில்லை. அவன் உதடுகள் திறந்து ஏதோ சொல்லப் பார்த்தன, சத்தம் வரவில்லை.

சத்தம் அவள் கையிலிருந்த போனிலிருந்து வந்தது. அவன் குரல்தான். நிதானமான குரல்.

"இப்ப கோடு சுத்தமா வருதா?"

மேல்தளத்துக் கணினியில் ஓடுவதையே காட்டும் இன்னொரு திரை இயந்திரத்துக்கு மேல் இருந்தது, அதைப் பார்த்தாள். ஸ்மூத் கட்டத்தில் அவள் எடுத்த டிக் மறுபடி இருந்தது. ஒரு நெளிவும் இல்லாமல், அழகாக, வழவழவென்று கோடு ஏறிக்கொண்டிருந்தது. அவள் விரல்களுக்கு அடியில் மட்டும் நாடி துடித்தது, துடித்தது, துடித்தது.

படக்.

கோடு விழுந்தது. தட்டு மெல்ல மேலே எழுந்து நின்றது. திரையில் தடிமன் கட்டம் காலியாகி, தானாகவே ஒரு புதிய எண்ணை எழுதிக்கொண்டது. விரலளவு. மெலிந்த, ஒரு பெண்ணின் விரலளவு.